அப்பாவின் திசு அறிக்கையில் பிஆர்சிஏ2: அடுத்து பார்ப் மாத்திரையா, கீமோவா?

#1 இளவேனில்

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 68. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். ஹார்மோன் ஊசியும் அபிராடெரோன் மாத்திரையும் கொடுத்தார்கள். நீண்ட காலம் நன்றாகவே கேட்டது. இப்போது நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற ரத்த அளவு தொடர்ந்து ஏறுகிறது, எலும்பு ஸ்கேனில் இடுப்புப் பகுதியில் புதிய புள்ளிகள் தெரிகின்றன.

மருத்துவர் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். அறிக்கையில் 'பிஆர்சிஏ2, நோய் விளைவிக்கும் மாற்றம்' என்று வந்திருக்கிறது. ஒலாபரிப் என்ற பார்ப் வகை மாத்திரை கொடுக்கலாம், டோசிடாக்செல் கீமோவும் கொடுக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். என்ன யோசிப்பது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. அண்ணன் இணையத்தில் தேடிவிட்டு, "அந்த மாத்திரையால் கிடைப்பது நாலு மாதம்தான்" என்கிறான். அப்பாவோ, "இது எனக்கு வந்த நோய், பிள்ளைகளுக்கு எதற்கு ரத்தப் பரிசோதனை?" என்று பிடிவாதம் பிடிக்கிறார். இந்த வழியில் போய்வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

#2 பழைய ஆய்வகர்

வணக்கம் அம்மா. மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவர் அல்லன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மருந்துக்குப் போகும் முன் ஒரு கேள்வி. அந்தப் பரிசோதனைக்கு எதை எடுத்தார்கள்? ரத்தமா, உமிழ்நீரா, பழைய பயாப்சித் துண்டா? அறிக்கையின் முதல் பக்கத்தில், பெயருக்கும் வயதுக்கும் கீழே, 'மாதிரி' என்ற வரியில் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டி நேராகச் சிவப்பு எழுத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ரத்த அணுக்களிலோ உமிழ்நீரிலோ அந்தப் பழுது இருந்தால், அது பெரும்பாலும் தாய் தந்தையிடமிருந்து வந்தது. உடலின் எல்லா அணுக்களிலும் இருக்கும். கட்டித் திசுவில் மட்டும் இருந்தால், கட்டி வளரும்போது அதற்குள்ளேயே உண்டானதாக இருக்கலாம். மாத்திரையைப் பொறுத்தவரை இரண்டுமே கணக்கில் வரும். உங்களுக்கும் உங்கள் அண்ணனுக்கும் என்ன பொருள் என்பதுதான் மாறும்.

இது அபூர்வமானதும் இல்லை. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பரவிய நிலைப் புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 692 ஆண்களை, குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்றே பாராமல் சோதித்தார்கள். 11.8 சதவீதம் பேருக்கு டி.என்.ஏ. பழுதுபார்க்கும் மரபணு ஒன்றில் பிறவியிலேயே குறை இருந்தது. பிஆர்சிஏ2 மட்டும் 5.3 சதவீதம். நோய் சுரப்பிக்குள்ளேயே நின்றுவிட்டவர்களில் இந்த மொத்த அளவு 4.6 சதவீதம்தான். பரவிய நிலையில் உள்ள எல்லோருக்கும் பிறவி மரபணுப் பரிசோதனை செய்யலாம் என்று வழிகாட்டு நெறிகள் மாறியதற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம்.

#3 இளவேனில்

மிக்க நன்றி ஐயா. பார்த்தேன். 'மாதிரி: புராஸ்டேட் பயாப்சி, மெழுகுக் கட்டி' என்று இருக்கிறது. தேதி முதன்முதலில் நோய் தெரிந்தபோது எடுத்த பயாப்சியின் தேதி. மாற்றத்தின் பெயருக்கு எதிரே '71%' என்று போட்டிருக்கிறார்கள். அது எந்தச் சதவீதம்? நோய் 71 சதவீதம் பரவிவிட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்கவில்லை.

#4 பழைய ஆய்வகர்

முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்: அது நோயின் அளவே இல்லை. அந்தத் துண்டிலிருந்து பிஆர்சிஏ2 மரபணுவை எத்தனை முறை படித்தார்களோ, அவற்றுள் 71 சதவீத முறை பழுதான எழுத்து வந்தது. அவ்வளவுதான் அதன் பொருள்.

நம் எல்லோருக்கும் ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு படிகள் உண்டு. ஒரு படி பிறவியிலேயே பழுது என்றால், சாதாரண அணுவில் அந்த எண் ஐம்பதை ஒட்டி வரும். கட்டி அணுக்கள் மீதமிருந்த நல்ல படியையும் இழந்துவிட்டால் எண் ஐம்பதைத் தாண்டி ஏறும். ஆகவே 71 என்பதைப் பார்த்ததும் 'பிறவியில் வந்ததாக இருக்கலாம், நல்ல படியும் போயிருக்கலாம்' என்ற எண்ணம் எழும். ஆனால் துண்டில் கட்டி அணுக்கள் எவ்வளவு, சாதாரண அணுக்கள் எவ்வளவு என்பதைப் பொறுத்து இந்த எண் மேலும் கீழும் போகும். இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தனியாக ரத்தம் அல்லது உமிழ்நீர் கொடுத்து உறுதிசெய்யச் சொல்லுங்கள். குறிப்பிட்ட அந்த ஒரு மாற்றத்தைத் தேடுவது பெரிய வேலை அல்ல.

இன்னொன்று, மெழுகில் பதித்துவைத்த பழைய பயாப்சித் துண்டிலிருந்து முடிவு கிடைத்ததே உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒலாபரிப்பை நிலைநாட்டிய புரோஃபவுண்ட் ஆய்வில் 4,047 பேரின் திசுவைச் சோதித்ததில் 2,792 பேருக்குத்தான் முடிவு வந்தது. மீதிப் பேருக்கு டி.என்.ஏ. சிதைந்துபோயிருந்தது, அல்லது போதவில்லை. எலும்பிலிருந்து எடுத்த துண்டு என்றால் சுண்ணாம்பை நீக்கப் பயன்படுத்தும் அமிலமே டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். 'முடிவு கிடைக்கவில்லை' என்று வரும் அறிக்கையை 'மாற்றம் இல்லை' என்று படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

#5 கரையோரம்

தங்கை, நான் நோயாளி. எனக்கும் பிஆர்சிஏ2, பிறவியில் வந்தது. அபிராடெரோனும் கீமோவும் முடித்தபிறகு ஒலாபரிப் எடுத்தேன், இன்றும் எடுக்கிறேன். மருந்து உடம்புக்குள் போனால் அன்றாடம் எப்படி இருக்கும் என்று யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

150 மில்லிகிராம் மாத்திரை, காலையில் இரண்டு, இரவில் இரண்டு. உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது. முதல் சில வாரங்கள் குமட்டல் பாடாய்ப்படுத்தியது. சாப்பிட்ட பிறகு போட்டுப் பார்த்தேன், வாந்தி மாத்திரையும் கொடுத்தார்கள், மெல்ல அடங்கிவிட்டது. வாய் மட்டும் இன்றுவரை எந்த ருசியையும் சரியாக உணர்வதில்லை.

பெரிய தொல்லை ரத்த சோகைதான். மாடிப்படி ஏறி நின்றால் காதுக்குள் நாடி அடிப்பது கேட்கும். வயதாகிவிட்டது என்று நானே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாதாந்திர ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6. மருந்தை நிறுத்தி, ரத்தம் ஏற்றி, எண் ஏறியதும் வேளைக்கு 250 மில்லிகிராம் என்று குறைத்து மீண்டும் தொடங்கினார்கள். அளவைக் குறைத்தால் பலன் போய்விடுமோ என்று பயந்தேன். பி.எஸ்.ஏ. இறங்கியபடியே இருந்தது, முதுகுவலிக்காகப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையும் நின்றுவிட்டது.

ஹார்மோன் ஊசியை மறந்துவிடாதீர்கள். புதிய மாத்திரை வந்துவிட்டதே என்று சிலர் ஊசியை விட்டுவிடுகிறார்கள். விரை நீக்கம் செய்துகொள்ளாதவர்களுக்கு ஊசி கூடவே தொடர வேண்டும்.

#6 எதிர்க்கேள்வி

கரையோரம் ஐயா நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் இளவேனிலின் அண்ணன் சொன்னதை யாரும் தொடவே இல்லையே. அவர் கேள்வி நியாயமானது.

புரோஃபவுண்ட் ஆய்வை எல்லோரும் தூக்கிப்பிடிக்கிறார்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம் என்ற மூன்று மரபணுக்களில் ஒன்று பழுதான 245 பேர். ஸ்கேனில் நோய் முன்னேறும் வரை ஒலாபரிப் அணிக்கு 7.4 மாதம், எதிரணிக்கு 3.6 மாதம். சரி, எதிரணிக்குக் கொடுத்தது என்ன? அபிராடெரோன் கேட்காமல் போனவருக்கு என்சலூட்டமைட் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரை, என்சலூட்டமைட் கேட்காமல் போனவருக்கு அபிராடெரோன். ஒன்று தோற்றபிறகு அதே வகையைச் சேர்ந்த மற்றொன்று பெரும்பாலும் எடுபடாது என்பது புற்றுநோய் மருத்துவர்கள் அறிந்ததுதான். நோஞ்சான் எதிராளியை நிறுத்திவிட்டு வென்றதாக அறிவிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கீமோவோடு மோதவிட்டார்களா?

#7 மருந்துக்குறிப்பு

மோதவிட்டார்கள். ஒலாபரிப்பை அல்ல, அதே வகை மருந்தான ருகாபரிப்பை.

டிரைட்டன்3 என்ற அந்த ஆய்வு 2023இல் வெளியானது. அங்கே எதிரணி மருத்துவர் டோசிடாக்செலையும் தேர்ந்தெடுக்கலாம், மாற்று ஹார்மோன் மாத்திரையையும் தேர்ந்தெடுக்கலாம். பிஆர்சிஏ பழுதானவர்களில் ஸ்கேனில் நோய் முன்னேறும் வரை ருகாபரிப் அணிக்கு 11.2 மாதம், எதிரணி மொத்தமாக 6.4 மாதம். டோசிடாக்செல் பெற்றவர்களை மட்டும் பிரித்தால் 8.3 மாதம், மாற்று மாத்திரை பெற்றவர்களை மட்டும் பிரித்தால் 4.5 மாதம். எதிர்க்கேள்வி சொன்னது போல மாத்திரை மாற்றுவது வீண்வேலைதான், அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் கீமோவோடு ஒப்பிட்டாலும் பிஆர்சிஏ நோயாளிகளில் பார்ப் மருந்து பின்தங்கவில்லை.

'நாலு மாதம்' என்ற எண் எங்கிருந்து வருகிறது என்றும் பார்ப்போம். புரோஃபவுண்டில் ஆயுள்காலத்தின் இடைநிலை அளவு ஒலாபரிப் அணியில் 19.1 மாதம், எதிரணியில் 14.7 மாதம். கழித்தால் 4.4. ஆனால் எதிரணியில் நோய் முன்னேறியவர்களுக்குப் பிறகு ஒலாபரிப் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அப்படி மாறினார்கள். ஆகவே அந்த எண் 'மருந்து உண்டா, இல்லையா' என்பதன் வித்தியாசம் அல்ல; பெரும்பாலும் 'முன்னரா, பின்னரா' என்பதன் வித்தியாசம். மேலும் இடைநிலை அளவு என்றால் பாதிப் பேர் அதற்கு முன்பும் பாதிப் பேர் அதற்குப் பின்பும். உங்கள் அப்பாவுக்கு எழுதிவைத்த கெடு அல்ல.

அந்த 245 பேரையும் ஒரே கூட்டமாகப் பார்ப்பதில்தான் பெரிய சிக்கல். பிஆர்சிஏ2காரர்களையும் ஏடிஎம்காரர்களையும் கலந்து எடுத்த சராசரி, இருவரில் யாருக்கும் பொருந்தாது.

#8 வழிப்போக்கன்

மருந்துக்குறிப்பு சொன்ன கடைசி வரி என் வயிற்றெரிச்சல். என் பெரியப்பாவுக்கு ஏடிஎம் மாற்றம். 'பட்டியலில் உள்ள மரபணு, மாத்திரை வேலை செய்யும்' என்று நம்பிக்கையோடு தொடங்கினார்கள். பி.எஸ்.ஏ. அசையவே இல்லை, ஏறிக்கொண்டே போனது. ரத்தம் மட்டும் குறைந்தது. கீமோவுக்கு மாறும்போது உடம்பில் தெம்பு இல்லை. அந்தப் பட்டியலை யார் போட்டார்கள்?

#9 மருந்துக்குறிப்பு

வழிப்போக்கன், உங்கள் கோபம் புரிகிறது. புரோஃபவுண்டில் ஏடிஎம் உள்ளவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, நோய் முன்னேறுவதைத் தள்ளிப்போடுவதில் இரு அணிக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. பிஆர்சிஏ2 உள்ளவர்களிடம்தான் பலன் குவிந்திருந்தது.

ஒரே ஆய்வைப் படித்துவிட்டு இரண்டு அமைப்புகள் இரண்டு முடிவுக்கு வந்தன என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மே மாதத்தில் பிஆர்சிஏ, ஏடிஎம், சிடிகே12, செக்2, பால்பி2 என்று நீளும் பட்டியலுக்கே ஒலாபரிப்பை அனுமதித்தது. அதே ஆண்டு ஐரோப்பா பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டோடு நிறுத்திக்கொண்டது. என்னைக் கேட்டால் ஐரோப்பா செய்ததே சரி. பால்பி2 போன்ற சிலவற்றில் நல்ல பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள், எண்ணிக்கைதான் மிகக் குறைவு. ஏடிஎம் நிலைமை அப்படியல்ல. ஆட்கள் இருந்தும் பலன் தெரியவில்லை.

#10 பழைய ஆய்வகர்

வழிப்போக்கன், உங்கள் பெரியப்பாவுக்கு ஏடிஎம் மாற்றம் எதில் தெரிந்தது? ரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ.வை வைத்துச் செய்த சோதனையிலா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. வயது ஏற ஏற எலும்பு மஜ்ஜையில் சில ரத்த அணுக்கள் தாமாகவே மாற்றம் பெற்றுப் பெருகும். அதற்கும் புராஸ்டேட் கட்டிக்கும் தொடர்பே இல்லை. ஆனால் ரத்தத்தில் கட்டி டி.என்.ஏ.வைத் தேடும்போது இந்த அணுக்களின் டி.என்.ஏ.வும் கூடவே அகப்பட்டுக்கொள்ளும். இப்படிக் குழப்புவதில் ஏடிஎம், செக்2 இரண்டும் முன்னணியில் நிற்கின்றன. கட்டியில் இல்லாத பழுதுக்கு மருந்து கொடுத்தால் ரத்த சோகைதான் மிச்சம். வெள்ளணுக்களைத் தனியாகப் பிரித்துப் பக்கத்திலேயே சோதித்திருந்தால் இது தெரிந்துவிடும். எல்லாக் கூடங்களும் அதைச் செய்வதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள்.

#11 வழிப்போக்கன்

ரத்தத்தில்தான் ஐயா. திசு போதவில்லை என்று ரத்தம் எடுத்தார்கள். வெள்ளணுச் சோதனை பற்றி யாரும் எங்களிடம் பேசவில்லை.

#12 நெறியாளர்

மருத்துவர் சீட்டு இல்லாமல் மாத்திரை அனுப்புவதாகச் சொல்லித் தொலைபேசி எண் தந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மாதந்தோறும் ரத்தம் பார்த்துத்தான் தொடர வேண்டிய மருந்து இது. விவாதம் தொடரட்டும்.

#13 புதுமுகம்_72

நுழைவதற்கு மன்னிக்கவும். இந்த மாத்திரை எப்படித்தான் வேலை செய்கிறது? பழுதான மரபணுவைச் சரிசெய்துவிடுமா?

#14 பழைய ஆய்வகர்

இல்லை, பழுதை அப்படியே விட்டுவைத்து அதையே ஆயுதமாக்கிக்கொள்கிறது.

டி.என்.ஏ. இரட்டை இழை. அன்றாடம் ஒற்றை இழையில் ஆயிரக்கணக்கான அறுந்த இடங்கள் உண்டாகும். அவற்றைத் தைத்துக்கொண்டே இருப்பதில் பார்ப் என்ற நொதிக்குப் பெரிய பங்கு. துணியில் ஒரு நூல் அறுந்திருக்கும்போது தைக்காமல் இழுத்தால் முழுக் கிழிசலாகிவிடும் அல்லவா? அணு பிரிவதற்காக டி.என்.ஏ.வைப் படி எடுக்கும்போது அதுதான் நடக்கிறது. ஒற்றை இழை அறுப்பு இரட்டை இழை முறிவாக மாறுகிறது. அந்தப் பெரிய முறிவைப் பிசகில்லாமல் ஒட்டவைக்கும் குழுவில் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டும் முக்கியமானவை.

கட்டி அணுவில் பிஆர்சிஏ2வின் இரண்டு படிகளும் போய்விட்டன. மாத்திரை பார்ப்பையும் முடக்குகிறது. இரண்டு வழியும் அடைபட்டால் அணு சாகிறது. உடலின் மற்ற அணுக்களில் பிஆர்சிஏ2வின் ஒரு நல்ல படி மிச்சமிருப்பதால் அவை சமாளித்துக்கொள்கின்றன. 2005இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே நேரத்தில் இதை வெளியிட்டன. தடுப்பதோடு நில்லாமல், பார்ப் நொதியை அது உட்கார்ந்த இடத்திலேயே டி.என்.ஏ.வோடு பிணைத்து மாட்டிவைக்கவும் செய்கின்றன இந்த மருந்துகள். அந்த முடிச்சு தானே ஒரு தடைக்கல். மஜ்ஜையில் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் அணுக்களும் இதில் அடிபடுகின்றன, கரையோரத்தின் ஹீமோகுளோபின் இறங்கியது அதனால்தான்.

மனிதர்களில் புராஸ்டேட்டுக்கு நல்ல சான்று 2015இல் வந்த டோபார்ப் ஆய்வு. சிறியதுதான், மதிப்பிட முடிந்தவர்கள் 49 பேர். 16 பேருக்குப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் குறை, அவர்களில் 14 பேருக்கு மருந்து கேட்டது. நான் அந்தக் கட்டுரையைப் படித்த நாளில் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் படித்துக்காட்டினேன்.

#15 எதிர்க்கேள்வி

இவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்றால் ஏன் கொஞ்ச காலத்தில் கேட்காமல் போகிறது?

#16 பழைய ஆய்வகர்

கட்டி அணுக்களும் சும்மா இருப்பதில்லை. சிலவற்றில் பழுதான பிஆர்சிஏ2வுக்குள்ளேயே இன்னொரு மாற்றம் நேர்ந்து, மரபணுவின் வாசிப்பு மறுபடியும் சரியாகிவிடுகிறது. பெரிய முறிவை ஒட்டும் திறமை திரும்பிவிடும். மாத்திரை கொல்லாமல் விட்ட அந்தச் சில அணுக்கள்தான் பிறகு பெருகுகின்றன. மரபணுவே முழுதாக அறுந்து காணாமல் போனவர்களிடம் இப்படித் திரும்ப வழியில்லை. அவர்களில் சிலருக்குப் பலன் நீண்டகாலம் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

#17 இளவேனில்

எல்லாவற்றையும் அண்ணனுக்குப் படித்துக்காட்டினேன். '4.4 மாதம்' எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்டபிறகு அவன் கொஞ்சம் இறங்கிவந்திருக்கிறான். இன்னொரு ஐயம். அபிராடெரோனையும் பார்ப் மாத்திரையையும் சேர்த்தே கொடுப்பதாக ஓரிடத்தில் படித்தான். அப்பாவுக்கு அது ஏன் பேசப்படவில்லை?

#18 மருந்துக்குறிப்பு

அது ஹார்மோன் ஊசி மட்டும் கேட்காமல் போன கட்டத்தில், அபிராடெரோன் போன்றவற்றைத் தொடங்கும் நேரத்திலேயே சேர்த்துக் கொடுப்பது. 2023இல் எஃப்.டி.ஏ. மூன்று ஜோடிகளை அனுமதித்தது: மே மாதம் ஒலாபரிப்பும் அபிராடெரோனும், ஜூனில் தலசோபரிப்பும் என்சலூட்டமைடும், ஆகஸ்டில் நிராபரிப்பும் அபிராடெரோனும். முதலும் மூன்றும் பிஆர்சிஏ பழுதானவர்களுக்கு மட்டும். நடுவில் உள்ளதற்குப் பட்டியல் நீளம்.

பழுதே இல்லாதவர்களுக்கும் ஜோடியாகக் கொடுத்தால் நன்மை உண்டா என்பது பெரிய சண்டை. நிராபரிப்பை வைத்து நடந்த மேக்னிடியூட் ஆய்வில், பழுது இல்லாத பிரிவைப் பயனில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பிஆர்சிஏ உள்ளவர்களில் ஸ்கேனில் நோய் முன்னேறுவது 10.9 மாதத்திலிருந்து 16.6 மாதத்துக்குத் தள்ளிப்போனது.

உங்கள் அப்பா அபிராடெரோனை எடுத்து, அது கேட்காமல் போன கட்டத்தில் இருக்கிறார். அதனால் அந்த ஜோடி அவருக்கான பேச்சே அல்ல, தனி ஒலாபரிப்புக்குத்தான் அவர் நிலைமை பொருந்துகிறது. அபிராடெரோன் தொடங்கும்போதே மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் வேறு வழிகளும் திறந்திருக்கும். இந்த விவாதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: பரவிய நிலை என்று தெரிந்த அன்றே பரிசோதனைக்குக் கேளுங்கள். முடிவு வரவே வாரங்கள் ஆகும்.

#19 செம்பருத்தி

இளவேனில், உங்கள் முதல் பதிவிலிருந்து எல்லோரும் மருந்தையே பேசுகிறார்கள். நான் அப்பாவின் பிடிவாதத்தைப் பற்றிப் பேசுகிறேன். என் அப்பாவின் புராஸ்டேட் அறிக்கை வழியாகத்தான் எனக்கும் பிஆர்சிஏ2 பழுது இருப்பது தெரிந்தது.

பிறவியில் வந்தது என்று உறுதியானால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணானாலும் பெண்ணானாலும். 'மார்பகப் புற்றுநோய் மரபணு, அம்மா வழியில்தான் வரும்' என்று படித்தவர்களே நம்புகிறார்கள். என் அத்தைக்குச் சூலகப் புற்றுநோய் வந்தபோதுகூட அப்பாவின் நோயோடு யாரும் முடிச்சுப்போட்டுப் பார்க்கவில்லை.

2017இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றின்படி, பிஆர்சிஏ2 பழுதுள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 69 சதவீதம், சூலகப் புற்றுநோய் 17 சதவீதம். பயமுறுத்தும் எண்கள்தாம். ஆனால் தெரிந்தால் செய்ய வேலை இருக்கிறது: ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ., குழந்தைப்பேறு முடிந்தபிறகு சூலக நீக்கம் பற்றிய முடிவு. உங்கள் அண்ணனுக்கு 40 வயதிலேயே பி.எஸ்.ஏ. சோதனை தொடங்க வேண்டும். கணையப் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்கு இப்போது எதுவும் வேண்டாம், வளர்ந்து பெரியவர்களானதும் அவர்களே முடிவுசெய்யட்டும்.

என் அப்பாவும் 'எனக்கு வந்தது என்னோடு போகட்டும்' என்றார். பிள்ளைகளுக்குத் தன்னால் கேடு வந்துவிட்டதே என்ற உறுத்தல் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. வாதம் செய்து பயனில்லை என்று மரபணு ஆலோசகரிடம் அழைத்துப்போனோம். அவர் ஒரு தாளில் எங்கள் குடும்ப மரத்தை வரைந்தார். அப்பாவின் அம்மா, அத்தை, சித்தப்பா என்று வட்டமும் சதுரமுமாகப் போட்டு, நோய் வந்தவர்களைக் கறுப்பாக்கிக்கொண்டே வந்தார். அப்பாவுக்கு மேலேயும் கறுப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் தானாகவே, "என் தம்பி மகளுக்கும் சொல்லணுமே" என்றார்.

#20 கரையோரம்

செம்பருத்தி அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் இளைய மகன் இன்னும் பரிசோதனைக்கு வர மறுக்கிறான். அவன் உரிமை, வற்புறுத்தவில்லை. பி.எஸ்.ஏ. மட்டும் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.

#21 எதிர்க்கேள்வி

நான் மருந்தைக் குறைசொல்லவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். இளவேனில் குடும்பத்துக்கு ஒரு கேள்வி விட்டுப்போகிறது. ஒலாபரிப் முதலில் என்றால், அது கேட்காமல் போனபிறகு கீமோ தாங்கும் உடம்பு மிச்சமிருக்குமா? கீமோ முதலில் என்றால், பிறகு மாத்திரைக்கு மஜ்ஜை தாங்குமா?

#22 மருந்துக்குறிப்பு

நல்ல கேள்வி, இதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடையாது. அமெரிக்க அனுமதியில் ஒலாபரிப்புக்கு முன் கீமோ கட்டாயம் அல்ல. நோய் ஈரல் போன்ற உறுப்புகளில் வேகமாகப் பரவி, உடனடியாக அடக்க வேண்டிய நிலை என்றால் கீமோவை முதலில் எடுக்கும் மருத்துவர்கள் உண்டு. எலும்பில் மட்டும் மெதுவாக நகரும் நோய், பிஆர்சிஏ2 என்றால் மாத்திரை முதலில் என்பதற்கே நான் வாக்களிப்பேன். பிஆர்சிஏ உள்ளவர்களிடம் கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தும் வேலை செய்யும்; அதுவும் டி.என்.ஏ. முறிவையே நம்பியிருப்பதால், பார்ப் மாத்திரை தோற்றபிறகு அதன் பலன் குறையக்கூடும். லூட்டீசியம் கதிரியக்க ஊசியும் இப்போது இருக்கிறது, ஆனால் அதுவும் மஜ்ஜையைத் தொடும். வரிசையைப் போடும்போது ரத்த அணுக்களின் கையிருப்பைக் கணக்கில் வையுங்கள்.

நீண்டகாலப் பயம் ஒன்று உண்டு, மறைக்கக் கூடாது. மிகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜைக் கோளாறும் ரத்தப் புற்றுநோயும் வந்திருக்கின்றன. தனி ஒலாபரிப் எடுத்தவர்களில் 1.5 சதவீதத்துக்கும் குறைவு. மருந்தை நிறுத்தியும் வாரக்கணக்கில் ரத்த எண்ணிக்கை தேறவில்லை என்றால் ரத்தநோய் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் என்றால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

#23 இளவேனில்

பல வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ரத்தப் பரிசோதனையில் பிறவியில் வந்ததுதான் என்று உறுதியாகிவிட்டது. அப்பாவைக் குடும்ப மரம் வரைவதற்கென்றே அழைத்துப்போனோம் செம்பருத்தி அக்கா. அவருடைய அக்காவின் மகள்கள் இருவருக்கும் அவரே தொலைபேசியில் சொன்னார். நானும் அண்ணனும் மாதிரி கொடுத்துவிட்டோம், முடிவு வரவில்லை.

ஒலாபரிப் தொடங்கியாகிவிட்டது. முதல் மாத ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.8லிருந்து 10.4. மருத்துவர் தொடரலாம் என்றார். குமட்டல் லேசாக இருக்கிறது. இப்போதைய கவலை வேறு: அப்பாவுக்கு வாயில் வெள்ளையாகப் பூஞ்சைத் தொற்று, பக்கத்தில் இருந்த மருத்துவர் ஃப்ளூகோனசோல் எழுதிக்கொடுத்திருக்கிறார். இதோடு சேர்த்துப் போடலாமா?

#24 மருந்துக்குறிப்பு

இன்று போடாதீர்கள், முதலில் புற்றுநோய் மருத்துவரை அழையுங்கள். ஈரலில் ஒலாபரிப்பைச் சிதைக்கும் நொதியை ஃப்ளூகோனசோல் தடுக்கும். ரத்தத்தில் ஒலாபரிப் அளவு ஏறும், ரத்த சோகையும் கூடவே. வாயில் தடவும் அல்லது கொப்பளிக்கும் பூஞ்சை மருந்து போதுமா என்று கேளுங்கள். மாத்திரையே வேண்டும் என்றால் அந்த நாட்களுக்கு ஒலாபரிப் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், அதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கும், கிரேப்ஃபுரூட் பழத்துக்கும் இதே கதை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபினிட்டாயின், கார்பமசிபின் எதிர்ப்பக்கம் இழுக்கும், ஒலாபரிப்பின் அளவைக் குறைத்துவிடும்.

#25 கரையோரம்

தங்கை, எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். 'ஒலாபரிப்' என்று மேலே பெரிதாக. பல் மருத்துவரிடம் போனாலும் அந்தத் தாளைத்தான் நான் முதலில் நீட்டுகிறேன். வேளை ஒன்று தவறிவிட்டால் அடுத்த வேளைக்குச் சேர்த்துப் போட வேண்டாம், வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு போதும்.

#26 இளவேனில்

அழைத்துப் பேசிவிட்டேன். கொப்பளிக்கும் மருந்துக்கு மாற்றிவிட்டார். தாளை அண்ணன் எழுதிக்கொண்டிருக்கிறான்.